சுகுணா எடுக்காத கோல்

ஹாக்கி என்பது கோவில்பட்டிக்காரர்கள் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே பார்க்கும் ஆட்டம். சுகுணாவுக்கு அதைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வயதுக்குள் சடங்கு, வளைகாப்பு, கல்யாணம், காதுகுத்து என்று ஆயிரம் வீட்டுக்காவது படம் எடுக்கப் போயிருப்பாள். மைதானத்துக்குக் கேமராவோடு போனதில்லை.

பிறந்த ஊர் புதியம்புத்தூர். அங்கே ஒரு ரெடிமேட் கம்பெனியில் இரண்டு வருஷம் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மினிபஸ் ஓட்டும் சோலைராஜைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்தபிறகு, ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் ஆல்பம் போடும் வேலை கிடைத்தது. ஒருமுறை எட்டயபுரத்தில் ஒரு சடங்கு வீட்டுக்காரர்கள், உள்வீட்டில் படம் எடுக்க ஆம்பளை வேண்டாம் என்று சொல்லிவிட, முதலாளி கேமராவை அவள் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினார். அன்றைக்கு எடுத்த படங்களைப் பார்த்து இன்னும் நாலு வீடு அவளைக் கேட்டது. பிறகு தனியாகவே ஒரு ஸ்டுடியோ வைத்துவிட்டாள்.

அந்த ஸ்டுடியோவுக்கு ஏப்ரல் மாதம் கண்ணபிரான் வந்தார். பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், அந்தப் பகுதி இளைஞர் விளையாட்டுக் கழகத்துக்குச் செயலாளர்.

"இந்த வருஷம் பொம்பளப் பிள்ளையளுக்கும் போட்டி வச்சிருக்கோம். நீங்க வந்து எடுத்தா பிள்ளைய கூச்சமில்லாம ஆடும்."

"எனக்கு ஆட்டம் தெரியாதே அண்ணாச்சி."

"ஆட்டம் என்ன, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். நீங்க மேடையை மட்டும் விட்டுறாதீங்க."

மே மாதம் இரண்டாம் ஞாயிறு, சாயங்காலம் பெண் பிள்ளைகளுக்கான இறுதிப் போட்டி. கழகத்துப் பிள்ளைகளும் தென்காசிப் பக்கமிருந்து வந்த பிள்ளைகளும் மோதினார்கள். முதல் கால் மணி நேரம் சுகுணா எடுத்த படங்களில் பந்தே இல்லை. ஷட்டரை அழுத்தும்போது பந்து அடுத்த பிள்ளையிடம் போய்விட்டிருந்தது. மணப்பெண் என்றால் நிமிரச் சொல்லலாம், சிரிக்கச் சொல்லலாம். இங்கே யாரிடம் போய் நில் என்பது? கடைசியில் ஒன்பதாம் நம்பர் சட்டை போட்ட பிள்ளையை மட்டும் விடாமல் பார்ப்பது என்று முடிவு செய்தாள். பந்து எங்கே சுற்றினாலும் அந்தப் பிள்ளையிடம்தான் வந்து சேர்ந்தது. புதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து கழகத்துக்கு ஆடுகிற செல்வமாரி அவள். பதினைந்து வயது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக இருந்தது. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது, மூன்று மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கினார். உடனே மைக் அலறியது: "ஸ்டுடியோ அக்கா எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்!"

சுகுணா ஓடினாள். கண்ணபிரான் பொன்னாடையை விரித்துப் போர்த்தினார். அது ஒரு பக்கமாக நழுவியது. "இன்னொரு தடவை போர்த்துதேன், நல்லா எடுங்க" என்றார். விருந்தினர் கருப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் மைதானமே கத்தியது. சுகுணா திரும்பினாள். கோல் போஸ்டுக்கு முன்னால் கழகத்துப் பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கிடைத்ததெல்லாம் முதுகுகள்தான்.

அந்த வியாழக்கிழமை செல்வமாரியும் அவள் அம்மா வேலுத்தாயும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள்.

"இவ கோல் அடிச்ச போட்டோ வேணும்மா. இவ அப்பா பூனாவுல முறுக்குக் கம்பெனியில இருக்காவ. நாலு நாளா அனுப்பு அனுப்புன்னு கேக்காவ."

கார்டு கெட்டுப்போனது என்றோ, படம் மங்கிவிட்டது என்றோ சொல்லியிருக்கலாம். சுகுணாவுக்கு அப்படிப் பொய் சொல்ல வரவில்லை.

"அந்தக் கோலை நான் எடுக்கலைக்கா. அந்நேரம் மேடையில பொன்னாடை போர்த்துனதை எடுத்துக்கிட்டு நின்னேன்."

வேலுத்தாய் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். விருந்தினர் சிரிக்கும் படம் ஏழு இருந்தது.

"யாரு இவிய?"

"எனக்கும் தெரியாதுக்கா."

பிறகு வேலுத்தாய், "அப்பம் ஒண்ணு செய்வோம். இன்னொருக்க அடிக்கச் சொல்லி எடுத்திருங்க. அவியளுக்கு என்ன தெரியப்போவுது?" என்றாள்.

செல்வமாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "கோல்ல யாரும்மா நிப்பா? அந்தத் தென்காசிப் பிள்ளையக் கூப்பிட்டு, இன்னொரு தடவை தோத்துப் போன்னு சொல்லவா?"

"ஏட்டி, உங்கப்பாவுக்குத்தான சொல்லுதேன்."

"அதான் வேண்டாங்கேன்."

கோப்பையோடு எடுத்த குழுப் படம் ஒன்றைப் போனில் வாங்கிக்கொண்டார்கள். "இதுல மகளை அவிய தேடிக் கண்டுபிடிக்கதுக்குள்ள விடிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே வேலுத்தாய் படியிறங்கினாள்.

சுகுணாவுக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் தாலி கட்டும் நேரத்தை ஒரு வீட்டிலும் அவள் விட்டதில்லை. அந்த நேரத்தில் வாசலில் யார் வந்து இறங்கினாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். மைதானம் என்கிற இந்த வீட்டில் தாலி கட்டுகிற நேரம் எது என்று தெரிந்துகொள்ளாமலே போய் நின்றுவிட்டோம் என்று நினைத்தாள். வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு மைதானத்தில் போய் நின்றாள். பிள்ளைகள் பயிற்சியில் இருந்தார்கள். "யாருக்கும்மா விசேஷம்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். "எனக்குத்தான்" என்றாள். வீட்டில் சோலைராஜும், "கூப்பிடாத வீட்டுக்கு எதுக்குப் போறே?" என்று கேட்டான். அவள் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். முகூர்த்தம் இல்லாத ஞாயிறெல்லாம் போனாள். ஆடி மாதம் கல்யாணமே கிடையாது என்பதால் விடாமல் போக முடிந்தது. முழங்காலிலும் லென்ஸிலும் புழுதி அப்பியது. பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்போதும் பிந்திவிடுகிறோம் என்பது நாலாவது வாரம் புரிந்தது. அடிக்கப் போகிற பிள்ளையின் இடது தோள் ஒரு நொடி முன்னதாக இறங்கியது. அதைக் கண்டுபிடித்த பிறகு பத்துப் படத்துக்கு மூன்றில் பந்து விழுந்தது.

அக்டோபரில் கழகத்தின் ஆண்டு விழா, அதில் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு ஆட்டம். கண்ணபிரான் மறுபடி வந்தார்.

"வாரேன் அண்ணாச்சி. ஆனா ஆட்டம் நடக்கும்போது மேடைக்கு வரமாட்டேன். பொன்னாடை எல்லாத்தையும் இடைவேளையில வச்சுக்கிடுங்க."

"வாரவிய இடைவேளை பார்த்தா வாராவ?"

"பிந்தி வந்தா செல்லுல எடுத்துக்கிடுங்க."

கண்ணபிரான் தலையைச் சொறிந்தார். "அந்த வேலுத்தாயும் கடைக்கே வந்து சத்தம் போட்டுட்டுப் போச்சு. சரி, உங்க இஷ்டம்" என்றார்.

ஆனாலும் விழாவன்று இரண்டாம் பாதியில் மைக் அவளை இரண்டு தடவை கூப்பிட்டது. சுகுணா கோல் போஸ்டுக்குப் பக்கத்தில் கரிசல் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

ஒரு கோல் பின்தங்கியிருந்த கழகத்துக்குக் கடைசியில் பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. கோல்கீப்பர் மட்டும் எதிரில் நிற்க, ஒருத்தி தனியாக அடிக்க வேண்டும். செல்வமாரி வந்து நின்றாள். இடது தோள் இறங்கியது. சுகுணா அழுத்தினாள். கோல்கீப்பர் பாய்ந்து காலால் பந்தைத் தடுத்துவிட்டாள். கழகம் தோற்றது.

கேமராவில் பார்த்தபோது படம் துல்லியமாக இருந்தது. நீட்டிய ஸ்டிக், கோல்கீப்பரின் காலில் பட்டு நிற்கும் பந்து, தடுத்துவிட்டார்கள் என்பது இன்னும் தெரியாத செல்வமாரியின் முகம். அவள் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். அதைக் காட்டுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வேலுத்தாய் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதை அவியளுக்கு அனுப்புங்க."

"இது கோல் ஆகலையேக்கா."

"நானும் இங்கனதான நின்னேன். பிள்ளை முகம் தெரியுதுல்லா?"

படம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில், செல்வமாரியின் அப்பா தங்கச்சாமி பூனாவிலிருந்து மனைவியைப் போனில் கூப்பிட்டான். வேலுத்தாய் போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். கோல் ஆனதா என்று அவன் கேட்கவே இல்லை. "ஏட்டி மாரி, வலது ஷூ பெருவிரல்கிட்ட கிழிஞ்சிருக்கே, எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்றான். செல்வமாரி காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். தோற்றபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது.

பதினைந்து நாள் கழித்து பார்சலில் புது ஷூ வந்தது. ஒரு அளவு பெரிது. முன்பக்கம் துணி வைத்து அடைத்துப் போட்டுக்கொண்டு செல்வமாரி ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வந்தாள். சுகுணா அவளுக்கு முன்னதாகவே வந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.