தோண்டும் முன்

போரில் சிதைந்து மீண்டும் எழுந்துகொண்டிருந்த இலங்கை வடக்கின் ஒரு சிறு நகரசபையோடு எங்கள் நகராட்சி கைகோத்திருந்தது. மழைநீர் வடிகால் வேலையைப் பார்க்க அங்கிருந்து ஐந்து பேர் வந்தார்கள். பொறியாளன் என்பதால் அஸ்தினாபுரத்தில் வடிகால் தோண்டும் தெருவுக்கு அவர்களை நான்தான் அழைத்துப்போனேன்.

ஜேசிபியின் பக்கெட் மண்ணைத் தொட்டதும் ஐவரும் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தார்கள். புழுதிக்கே பயந்தால் இவர்கள் என்னத்தைக் கற்பது என்று எனக்கு எரிச்சல்.

டிரைவர் சிரித்தார். "இன்னா சார், பள்ளத்தப் பாத்தே பயப்புட்றாங்க?"

தோண்டும் முன் கேபிளுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் அனுமதி வாங்கியே உயிர் போகிறது என்று அவர்களிடம் புலம்பினேன்.

குழுவில் மூத்தவரான பொறியாளர் அம்மா மெல்லச் சொன்னார்: "எங்கட இடத்தில முதல்ல மிதிவெடி இல்லையெண்டு கடிதம் வரவேணும், தம்பி. கடிதம் வந்த பிறகும் கால் தானாப் பின்னுக்குப் போகும்."

டிரைவர் இயந்திரத்தை அணைத்துவிட்டார்.

அந்த அம்மா நிதானமாகப் பள்ளத்தின் விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்தார்.

"இது வெறும் மண்தானே?"

அந்த மண்ணை நாள்தோறும் திட்டித் தீர்த்தவன் நான்.

"வெறும் மண்தான், அக்கா."