லீவு நாளில் கொடுத்த மாத்திரை

அரியலூர்ப் பக்கம் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட்டாக இருந்தவள் நான். எண்பதுகளின் நடுவில் அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அவள் நர்சாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஊரின் முடிவு. எல்லாரும் ‘நர்சம்மா’ என்றே கூப்பிட்டார்கள். திருத்தித் திருத்தி அலுத்து விட்டுவிட்டேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் பெருமையான கதைகளும் உண்டு. அவை இருக்கட்டும். நான் செய்த தப்பை முதலில் எழுதிவிடுகிறேன்.

1. நான் சொன்னது

அஞ்சலைக்கு ரெட்டிபாளையம். கணவர் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. மகள் செல்விக்கு ஏழு வயது, ரத்தப் புற்றுநோய். மெட்ராஸில் பல மாதம் சிகிச்சை பெற்று, நோய் அடங்கி, வீட்டுக்கு வந்திருந்தாள். இனி மாத்திரையும் மாதாமாதம் ரத்தப் பரிசோதனையும் மட்டும்தான். இரண்டையும் எங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளும்படி மெட்ராஸ் டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார்.

மாத்திரை இரண்டு வகை. ஒன்று தினமும். இன்னொன்று, மெத்தோட்ரெக்ஸேட் என்ற சின்ன மஞ்சள் மாத்திரை, வாரத்தில் ஒரே ஒரு நாள், ஆறு மாத்திரை சேர்த்து. கூடுதலாகப் போனால் அந்த மருந்தே ஆளைக் கொன்றுவிடும். அதனால் ஒரு வாரத்துக்கு ஒரு பொட்டலமாக, நாலு வாரத்துக்கு நாலு பொட்டலம் மடித்துக் கொடுத்தேன். பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி அது. ஜன்னலில் நல்ல கூட்டம்.

“கிழமை கணக்கெல்லாம் எனக்கு நிக்காதுங்க நர்சம்மா” என்றாள் அஞ்சலை.

“வூட்டுக்காரருக்கு லீவு வருமில்ல? அன்னைக்குக் குடும்மா. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுங்க.”

நல்ல யோசனை சொன்னதாக எனக்குள் ஒரு திருப்தி வேறு. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

2. நாலு பொட்டலம்

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துச் செல்வியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாய் முழுக்கப் புண். எச்சில் கூட விழுங்க முடியாமல் பிள்ளை அனத்திக்கொண்டிருந்தது.

“சூடு புடிச்சுக்கிச்சுங்க. நெய் தடவுனேன், எளநி குடுத்தேன், கேக்கல. மஞ்ச மாத்திரையும் தீந்துபோச்சு. அதையும் குடுத்துருங்க.”

இன்னும் இரண்டு பொட்டலமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

“தீந்துபோச்சா? என்னென்னைக்குக் குடுத்த, சொல்லு.”

அவள் விரல் விட்டுச் சொன்னாள். “பொங்கலுக்கு மூணு நாளு லீவு விட்டாங்க. மூணு நாளும் குடுத்தேன். அதுக்கு மக்யா நாளு அவருக்கு வார லீவு. அன்னைக்கு ஒண்ணு. ஒரு நாளு கூட தவறலிங்க.”

நாலு வார மருந்து நாலே நாளில் உள்ளே போயிருக்கிறது. நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்தோம். வெள்ளை அணு படுபாதாளத்தில் இருந்தது. எங்கள் டாக்டர் உடனே பிள்ளையை மெட்ராஸுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, கடிதம் எழுத உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார்.

“வீட்ல தப்பா குடுத்துட்டாங்கன்னு எழுதிடுவோம்மா.”

“இல்ல சார். நான்தான் லீவு அன்னைக்குக் குடுன்னு சொன்னேன். அப்படியே எழுதுங்க.”

“ஆஸ்பத்திரி பேர் என்னாகும், யோசிச்சியா?”

“அவ மேல பழியப் போட்டா, அடுத்த தடவையும் இதே ஜன்னல்ல, இதே மாதிரி வேற யாருக்காவது சொல்லுவேன் சார். நீங்க எழுதலைன்னா நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்.”

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றேன். அவர் காகிதத்தை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு நான் சொன்னபடியே எழுதினார். மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு, எந்த மருந்து, எத்தனை மாத்திரை, எந்த நாள் என்று எல்லாவற்றையும் சொன்னார்.

நான் வெளியே போய் அஞ்சலையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப, எம் புள்ளைய நானே கொல்லப் பாத்தனா?”

“நீ இல்ல அஞ்சலை. தப்பு என்னுது. கடுதாசியிலயும் அதான் எழுதியிருக்கு.”

பகல் ரயிலில் ஏற்றிவிட ஸ்டேஷன் வரை நானும் கூடப் போனேன். ரயில் கிளம்பும்வரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

3. அவள் கேட்டது

ஆஸ்பத்திரியில் அதற்குப் பிறகு ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். புற்றுநோய் மருந்து வாங்க வருகிறவர்களிடம் ‘புரிஞ்சுதா’ என்று கேட்பதை விட்டேன். அப்படிக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. என்றைக்கு, எத்தனை என்று அவர்கள் வாயால் சொல்ல வைத்தேன். பொட்டலத்தின் மேல் தேதியும் கிழமையும் எழுதினேன். கூட்டம் முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும் என்று இருந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து அஞ்சலை வந்தாள். செல்வி நடந்து வந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் வாயில் முறுக்கு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கணக்கு நோட்டைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“மஞ்ச மாத்திரை என்னைக்குக் குடுப்ப?”

“வெள்ளிக்கெழம வூடு மொழுவுவேன்ல, அன்னைக்கு. ஆறு.”

“நடுவுல தீபாவளி வந்தா?”

“வந்துட்டுப் போவட்டும். வெள்ளிக்கெழமதான்.”

“ஒரு வெள்ளி மறந்துட்டா?”

“இங்க வந்து கேப்பேன். நானா சேத்துக் குடுக்கமாட்டேன்.”

நிம்மதியாகப் பொட்டலங்களை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“இப்ப நீங்க சொல்லுங்க” என்றாள். “என்னைக்கு, எத்தனன்னு. நீங்க சரியா சொல்றீங்களான்னு நான் பாக்கணும்.”

பின்னால் வரிசை காத்திருந்தது. நான் எழுந்து நின்று, கிழமையையும் எண்ணிக்கையையும் அவளுக்குச் சொன்னேன். இரண்டாவது முறையும் சொல்ல வைத்துவிட்டுத்தான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.