புது ரோட்டில் அசையாத முள்

இன்று எங்கள் கடைசி வருட பிராஜெக்ட்டைக் காட்ட வேண்டிய நாள்.

ஸ்டெல்லாவின் சித்தப்பா கொடுத்த பழைய காரில், ஷாக் அப்சார்பருக்குப் பதிலாக நாங்களே செய்த மின்காந்த சஸ்பென்ஷன். பள்ளம் வந்தால் அதன் மோட்டார் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து வண்டியைச் சாயாமல் பிடிக்கும். சக்கரம் எகிறும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராகி, கொஞ்சம் கரண்டைத் திருப்பிக் கொடுக்கும்.

தேர்வுக்கு வந்த எக்ஸ்டர்னல் சார் பின்சீட்டில், அவர் பக்கத்தில் மீட்டரோடு நான். ஸ்டெல்லா ஓட்டினாள்.

பாப்பாரப்பட்டி ரோட்டில் ஏறினோம். ஒரு மாதமாக நாங்கள் சோதித்துப் பார்த்த பள்ளம் ஒன்றுகூட இல்லை. புதுத் தார் போட்டிருந்தார்கள். திரும்பி வரும் கரண்டைக் காட்டும் மீட்டர் முள் அசையவே இல்லை.

"என்னம்மா, ஒண்ணுமே வரலியே?"

"ரோடு நல்லா இருக்குதுங்க சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

ஸ்டெல்லா யாரையும் கேட்காமல் ஏரிக்கரை மண்பாதையில் திருப்பினாள். வண்டி குலுங்கியது, முள் துள்ளியது. எனக்கு மூச்சு வந்தது.

"சரி, எடுத்ததைவிட அதிகமா திரும்பி வருதா?"

ஸ்டெல்லா கண்ணாடியில் என்னை முறைத்தாள். வண்டி ஓட ஓட பேட்டரி தானாக நிறையும் என்றுதான் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தோம்.

"இல்லீங்க சார். பாதிகூட வராதுங்க" என்றேன்.

சார் மீட்டரைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். இறங்கும்போதுதான் சொன்னார்: "உண்மையச் சொன்னீங்க. நாளைக்கு ரிப்போர்ட்டைக் கொண்டாங்க, படிச்சிட்டு மார்க் போடறேன்."

ஸ்டெல்லா இன்னும் என்னோடு பேசவில்லை. பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றத் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.