நாற்றங்காலில் பாய்ந்த ஸ்கூட்டி

சிறுவயதில் என் கையிலிருந்து எது தவறி விழுந்தாலும், அம்மா உடைந்த பொருளைத்தான் பார்ப்பார். என்னைப் பார்த்ததில்லை. காலில் ரத்தம் வந்தால் நானே துணியைச் சுற்றிக்கொள்வேன். வலியை மறைப்பது அப்படியே பழகிப்போனது.

முப்பத்தாறு வயதில், உத்திரமேரூர் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். போன மாதம் ஒரு காலை, பிரேக் பிடிப்பதற்குப் பதில் ஆக்சிலரேட்டரை முறுக்கி, சாலையோர நாற்றங்காலுக்குள் வண்டியோடு பாய்ந்துவிட்டேன். பாதி நாற்று நாசம். நிலத்துக்கார அக்கா ஓடிவருவதைப் பார்த்ததும் கண்ணை மூடி, கைகளால் தலையை மறைத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, அடி பட்டுக்கிச்சா?" என்று என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாத்தெல்லாம் போயிடுச்சேக்கா..."

"நாத்து கெடக்குது, மறுபடி வுட்டுக்கலாம். உனக்கு எங்க வலிக்குது, அத்த சொல்லு!"

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதேயில்லை. "முட்டி வலிக்குதுக்கா" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் முந்தானையால் என் கண்ணைத் துடைக்கப்போய், இன்னும் கொஞ்சம் சேற்றைப் பூசிவிட்டார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வரப்பில் உட்கார்ந்து வயிறு நோகச் சிரித்தோம்.

வலிக்கிறது என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு இத்தனை வருடங்கள் ஆகியிருக்கின்றன. சொன்னபின் மனசு அவ்வளவு லேசாக இருந்தது. இருவருமாக வண்டியைச் சாலைக்கு ஏற்றியபின், சேறு சொட்டச் சொட்ட நானே அதை வீடுவரை ஓட்டிவந்தேன்.