மெஷின் வந்த வழி

கிள்ளை ஊர்ப் பக்கம் இருக்கும் என் வயல் வாய்க்காலை ஒட்டியது. பக்கத்து வயல்காரர் எனக்கு மச்சான் முறை; அவர் வயல் ரோட்டை ஒட்டியது. அறுப்பு மெஷின் அவர் வயல் வழியாகத்தான் எனக்கு வரவேண்டும். தண்ணீர் என் வயல் வழியாகத்தான் அவருக்குப் போகவேண்டும். அதனால் இருவரும் ஒரே ரகத்தை நட்டு, சேர்ந்தே அறுப்போம்.

போன சம்பாவுக்கு நான் பொன்னி நட்டேன். அவர் மட்டும் நாள் அதிகம் பிடிக்கும் மாப்பிள்ளைச் சம்பாவை நட்டார். கோபத்தில் அவரோடு பேசுவதை விட்டேன். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தை மாதம் என் கதிர் முற்றியது. வயல் காய்வதற்காக மடையை அடைத்தேன். மெஷின் ரோட்டில் வந்து நின்றதும் அவரிடம் போய்க் கத்தினேன்.

"உன் பயிரு இன்னும் பச்சையா நிக்குதே மச்சான், மெஷின் என்னா பறந்தா வரும்?"

"வரப்போரம் பாருங்க மாமா. மெஷின் போற அகலத்துக்குப் பொன்னிதான் நட்டிருக்கேன்."

ரோட்டிலிருந்து என் வயல் வரைக்கும் ஒரு பட்டை மஞ்சளாக விளைந்து கிடந்தது. மெஷின் அதை அறுத்துக்கொண்டே உள்ளே வந்தது. பின்னால் நடந்தபோதுதான் கவனித்தேன், அவருடைய பச்சைப் பயிரின் அடியில் மண் வெடித்திருந்தது. தண்ணீர் விடச் சொல்லி அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அறுத்து முடித்ததும் மண்வெட்டியை எடுத்து மடையை வெட்டினேன்.

"வைக்கோல் இன்னும் கட்டலியே மாமா, நனஞ்சிடும்" என்று ஓடி வந்தார்.

"நனையட்டும்" என்றேன். அதுவும் கோபமாகத்தான் வந்தது.