மாப்பிள்ளை வீட்டு மஞ்சள் ஜன்னல்

மதுரையில் ஒரு மிஷன் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடங்களாக உதவியாளராக இருப்பவர் ஞானம். சோதனைக் குழாய் கழுவுவது, உப்புகளை எடை போட்டு வைப்பது, பிளஸ் டூ பிள்ளைகள் அமிலத்தைச் சட்டையில் ஊற்றிக்கொண்டால் முதலில் தண்ணீரும் பிறகு திட்டும் கொடுப்பது, இவைதான் வேலை. மூன்று வருடங்களுக்கு முன் அறிவியல் கண்காட்சிக்காக டீச்சர் ஒருவர் ‘வீட்டு பெயிண்டில் ஈயம்’ என்று தலைப்பு எடுத்தார். கண்காட்சி முடிந்ததும் டீச்சர் மறந்துவிட்டார். ஞானம் மறக்கவில்லை.

காரணம் அவர் வீட்டு அடுப்படி அலமாரி. பெயிண்டைக் கத்தியால் லேசாகக் கீறி, சோடியம் சல்பைடு கரைசலை ஒரு சொட்டு விட்டால், ஈயம் இருக்கும் இடம் கறுத்துப்போகும். அலமாரி தார் போலக் கறுத்தது. மகள் ஜெஸி பால் குடித்து வளர்ந்த தம்ளர் எல்லாம் அந்த அலமாரியில் இருந்தவை. அதன் பிறகு ஞானத்தின் கைப்பையில் ஒரு சின்னக் கத்தியும், பழைய கண்மருந்துக் குப்பியில் கரைசலும், பஞ்சும் குடியேறின. சர்ச் கேட், டீக்கடை பெஞ்சு, பக்கத்து வீட்டுத் தொட்டில் என்று ஒன்றையும் விடவில்லை. தெருவில் ‘சுரண்டல் ஞானம்’ என்று பெயர் வந்தது. அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் உண்டே என்று ஜெஸிக்குத்தான் வெட்கம்.

“கவர்மெண்டே சொல்லிருச்சுடி,” என்பார் ஞானம். “ரெண்டாயிரத்துப் பதினேழு நவம்பர்ல இருந்து, பத்து லட்சத்துல தொண்ணூறு பங்குக்கு மேல ஈயம் இருக்கக் கூடாது. டப்பாவுலயே எழுதணும்.”

“அப்ப கவர்மெண்ட் பாத்துக்கிரும். நீ ஏம்மா சுரண்டுற?”

“சட்டம் புது டப்பாவுக்குத்தான். ஏற்கெனவே அடிச்ச கதவ யாரு பாக்குறது?”

ஜெஸிக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். திருமங்கலத்தில் ஜெர்சன் என்ற பையன்; கூட்டுறவு வங்கியில் வேலை. பெண் பார்த்துப் போய்விட்டார்கள், பிடித்துவிட்டது. அடுத்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போக வேண்டும். ஜெஸியும் வரட்டும் என்று ஜெர்சனே சொல்லிவிட்டான். கிளம்பும்போது ஜெஸி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, அங்க வந்து எதையும் சுரண்டக் கூடாது. சத்தியம் பண்ணு.”

“கத்திய வச்சிட்டுத்தான்டி வாரேன்,” என்றார் ஞானம். உண்மைதான், கத்தியை வைத்துவிட்டார். குப்பியைப் பற்றி ஜெஸி கேட்கவில்லை.

ஜெர்சனின் அப்பா கிறிஸ்துராஜ், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டைத் தானே பராமரிக்கிறார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தன் கையாலேயே பெயிண்ட் அடிப்பதில் அவருக்கு அலாதிப் பெருமை. ஜன்னல் எல்லாம் பளீர் மஞ்சள்; ரோட்டிலிருந்து பார்த்தாலே கண் கூசியது.

“எப்படி இருக்கு? ஏழு கோட்டு!” என்றார்.

ஞானத்தின் கணவர் தங்கையா அதிகம் பேசாதவர். “நல்லா இருக்கு,” என்று மட்டும் சொன்னார்.

காபியும் முறுக்கும் வந்தன. ஜெர்சனின் அக்கா திவ்யா தன் ஒன்றரை வயது மகளோடு அங்கேதான் இருந்தாள். குழந்தை ஜன்னல் திட்டில் ஏறி நின்று, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கரும்பு கடிப்பது போலக் கடித்துக்கொண்டிருந்தது. கீழ்க்கம்பியில் பல் பட்ட இடமெல்லாம் பெயிண்ட் பெயர்ந்து செதில் செதிலாக நின்றது. ஞானம் கையிலிருந்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“பாப்பா அதக் கடிக்குதே,” என்றார்.

“பல்லு முளைக்குதுல்ல, அதான்,” என்று திவ்யா சிரித்தாள்.

கிறிஸ்துராஜ் எழுந்து நின்றார். “எல்லாரும் ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிக்குவோம்.”

அவருடைய ஒரு நிமிஷம் நீளமானது. மாப்பிள்ளைக்காக, பெண்ணுக்காக, இரண்டு குடும்பங்களுக்காக, டிப்போவில் இன்னும் வேலை செய்கிறவர்களுக்காக என்று போய்க்கொண்டிருந்தது. எல்லோர் கண்களும் மூடியிருந்தன. ஞானம் மட்டும் மெல்ல எழுந்து ஜன்னலருகே போனார். குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். கத்திக்கு வேலையே இல்லை. குழந்தையின் பல் ஏற்கெனவே கீறி வைத்திருந்தது. ஒரு சொட்டு விட்டார். மஞ்சளில் மிளகளவு புள்ளி ஒன்று விழுந்து, மை போலப் பரவியது.

சோடியம் சல்பைடுக்கு ஒரு குணம் உண்டு. அழுகின முட்டை மாதிரி நாறும். ஆய்வகத்திலேயே இருந்து ஞானத்துக்கு அந்த வாடை பழகிப்போயிருந்தது. கிறிஸ்துராஜுக்குப் பழகவில்லை. “ஆண்டவரே, இந்த வீட்டுக்குள்ள...” என்றவர் நிறுத்தி, மூக்கை உறிஞ்சினார். ஜெர்சன் ஒரு கண்ணைத் திறந்தான். திவ்யா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். தங்கையாவுக்கு வாடை வந்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அன்றைக்கு அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியத்தைச் சொன்னார்.

“மன்னிக்கணும். காலையில இருந்தே எனக்கு வயிறு சரியில்ல.”

முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதர் தனக்காக இம்புட்டுத் தூரம் இறங்கிவிட்டதைப் பார்த்து ஞானத்துக்குக் கண் கலங்கியது. பொறுக்க முடியவில்லை.

“அவர் இல்லண்ணே. நாந்தான்.”

எல்லோரும் இன்னும் அதிகமாகத் திகைத்தார்கள்.

“ஐயோ, அப்படி இல்ல! இந்தக் குப்பி. இங்க பாருங்க, கறுத்திருச்சு. ஈயம் இருக்கும்போல. பாப்பா இதத்தான் கடிச்சுக்கிட்டு இருக்கு.”

கிறிஸ்துராஜின் முகம் சிவந்தது. “சம்பந்தம் பேச வந்த வீட்டுல ஜன்னல்ல கரியப் பூசுறீங்களே! நல்ல பெயிண்டும்மா. கடையவே காலி பண்றப்ப மொத்தமா வாங்கி வச்சது.”

“டப்பா இருக்காண்ணே?”

கோபத்திலேயே பரணில் ஏறி ஒரு டப்பாவை இறக்கினார். ஞானம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு மயில் படம், ‘பளபளப்பு’ என்ற சொல். ஈயம் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. தேதியும் இல்லை.

வீடு பார்க்கும் படலம் அத்தோடு முடிந்தது. பஸ்ஸில் ஜெஸி அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மூன்று நாள் அம்மாவிடம் பேசவில்லை. ஞானமும் அடுப்படியில் நின்று அழுதார். பிள்ளையின் கல்யாணத்தை ஒரு சொட்டில் கெடுத்துவிட்டோமே என்றிருந்தது.

ஆனால் திவ்யா சும்மா இருக்கவில்லை. மறுநாளே அப்பாவிடம் சொல்லாமல் குழந்தையை மதுரைக்குக் கூட்டிப்போய் ஈயச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. நூறு மில்லி ரத்தத்தில் ஈயம் ஐந்து மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாதாம்; குழந்தைக்குப் பதினொன்று. மருந்து வேண்டாம், காரணத்தை அகற்றினால் போதும், பாலும் கேப்பையும் கீரையும் நிறையக் கொடுங்கள் என்றார் மருத்துவர்.

அன்று சாயங்காலம் ஞானத்துக்கு போன் வந்தது. கிறிஸ்துராஜ். குரல் உடைந்திருந்தது.

“தங்கச்சி, என் கையாலயே ஏழு கோட்டு அடிச்சேனே. இப்பவே உப்புத்தாள வச்சு மொத்தத்தையும் தேச்சு எடுத்துர்றேன்.”

“தேய்க்காதீங்க!” ஞானம் போட்ட சத்தத்தில் தங்கையா ஓடிவந்தார். “தூசி பறந்தா அதுதாண்ணே பெரிய ஆபத்து. பாப்பாவையும் திவ்யாவையும் எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க. நாங்க வாரோம்.”

அடுத்த சனிக்கிழமை இரண்டு குடும்பமும் மாஸ்க் மாட்டிக்கொண்டு திருமங்கலத்தில் நின்றது. தரையில் பிளாஸ்டிக் விரித்து, ஜன்னலில் தண்ணீர் அடித்து அடித்து ஈரமாகவே சுரண்டினார்கள். ஜெஸியும் ஜெர்சனும் ஒரே ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் நின்று சுரண்டினார்கள். ஒரு ஜன்னலுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் தங்கையா மூன்று ஜன்னலை முடித்துவிட்டார்.

புது பெயிண்ட் வாங்க ஞானத்தைக் கடைக்கு அழைத்துப்போனார் கிறிஸ்துராஜ். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு டப்பாவையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. பின்னால் ஐந்து பேர் நின்றார்கள்.

“ஐயா, என்ன கலர் வேணும்னாவது சொல்லுங்க,” என்றார் கடைக்காரர்.

“கலர் கிடக்கட்டும். இதுல தொண்ணூறுன்னு எங்க போட்டிருக்கு?”

கடைக்காரர் டப்பாவின் பக்கவாட்டில், எறும்பு மாதிரி ஊர்ந்த எழுத்தைக் காட்டினார். கிறிஸ்துராஜ் அதைச் சத்தமாகப் படித்தார். பின்னால் நின்ற ஐந்து பேரையும் திரும்பிப் பார்த்து, அவர்களுக்காக இன்னொரு தடவையும் படித்தார். ஞானம் கூச்சத்தில் வாசலுக்கு வந்து நின்றுகொண்டார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த சோதனையில் குழந்தைக்கு ஆறு என்று வந்தது. அந்த வாரமே சர்ச்சில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்தார்கள். கல்யாணம் மே மாதம், திருமங்கலம் சர்ச்சில் நடந்தது.