கொட்டகைத் தூணில் தண்டவாள ஆணி

டீக்கடை வாசலில் பெஞ்சாகக் கிடந்த பழைய தண்டவாளக் கட்டை வெயிலில் தார் வாசனை விட்டதும், இப்போது புல் மூடிப்போன எங்கள் ஊர் மீட்டர்கேஜ் வளைவு மூக்குக்குள் வந்து நின்றது. கட்டைகள் உளுத்து, வாய்க்கால் தண்ணீரில் மண் கரைந்து, வயசான எருமை மாதிரி ரயில் ஆடி ஆடி நகரும் இடம் அது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், திருவாரூர்த் துணிக்கடை வேலை முடிந்து அம்மா தினமும் அதில்தான் வருவாள்.

எங்கள் தெரு மாட்டுக் கொட்டகைகளில் கயிறு கட்ட அடித்திருந்த ஆணிகளெல்லாம் ஒரே தடிமன், ஒரே மாதிரிக் கொண்டை. வீடு வீடாக நோட்டம் விட்டுக்கொண்டே வந்தால், எங்கள் தூணிலும் ஒன்று.

"இந்த ஆணி ஏதுப்பா?"

"கடையில வாங்குனதுடா."

"எந்தக் கடை? ரயிலு ஓடுமே, அந்தக் கடையா?"

"வாலு! ஆயிரம் ஆணி அடிச்சிருக்கான். ஒண்ணு போனா ரயிலு கவுந்துருமா?"

தெருவில் எல்லோரும் அந்த ஒன்றைத்தான் எடுத்திருந்தார்கள்.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பிய அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், தவிட்டைக் கலக்கியபடியே அப்பா சொன்னார்:

"இனிமே நீ பஸ்ஸுலயே வந்துரு."